இருநூற்றுப் பதின்மூன்றாம் படிவம்

2024ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் பதினேழாம் நாள், புதன்கிழமை. தமிழ்க் கணக்கில் ஆடி முதல் நாள். பர்மாவின் யாங்கோன் நகரில் காலை முழுவதும் மேகமூட்டம் நிலவியது. பிற்பகல் ஒரு மணியளவில் பருவமழை வலுத்தது. மூன்று மணிக்கு யாங்கோன் ஆற்றில் கடல் ஓதத்தால் ஏற்றம் தொடங்கிற்று. மழையும் ஆற்றின் ஏற்றமும் ஒரே வேளையில் நிகழுமானால், பபேடான் பகுதியின் வடிகால்கள் நீரை வெளியேற்றும் தொழிலை விடுத்து, அதனைத் தெருவுக்குள் கொண்டுவரும் தொழிலை மேற்கொள்ளும். அன்றும் அவ்வாறே நிகழ்ந்தது.

அந்நாளில் நான் ஒரு பிழை செய்தேன். அப்பிழையை நானே கண்டறிந்தேன் என்பதனால் இதனை எழுதும் தகுதியும் எனக்கு உண்டு.

என் பெயர் காளியம்மா. வயது ஐம்பத்தேழு. லத்தா வட்டாரத்தில் ஒரு துணிக்கடையில் முப்பது ஆண்டுகள் துணி மடித்தேன். ஐம்பத்தோராம் வயதில் கோயிலின் மாலை வகுப்பில் சேர்ந்து, பத்து வயதுப் பிள்ளைகளுடன் ஒரே பலகையில் அமர்ந்து தமிழ் எழுத்துகளைக் கற்றேன். பிள்ளைகள் மூன்றாம் வகுப்பு நூலோடு நின்றுவிட்டனர். நான் எட்டாம் வகுப்பு அறிவியல் நூலை முதல் ஏட்டிலிருந்து இறுதி ஏடு வரை மூன்று முறை கற்று முடித்தேன். இன்று எனது பணி கணக்கெடுப்பாளர் என்பதாகும். கழுத்தில் தொங்கும் அட்டையில் அவ்வாறே அச்சிடப்பட்டுள்ளது.

என்னைப் பணியில் அமர்த்தியோர் இத்தாலி நாட்டின் வடபகுதியிலுள்ள ஒரு பல்கலைக்கழகத்தினர். அவர்களுள் மூன்று துறையினர் ஒன்றுகூடி ஓர் ஆய்வினை மேற்கொண்டுள்ளனர். மக்கள் எத்தெருவில், எம்மாடியில், எக்காரணத்தால் வாழ்கின்றனர் என்பதைச் சமூகப் புவியியலாளர் வினவுவர். அம்மாடியிலிருந்து மருத்துவமனைக்குச் செல்லப் படிகள் எத்தனை, வடிகால் எத்தன்மையது, நேரம் எவ்வளவு என்பதை நகரப் பொறியாளர் அளப்பர். அவ்வீட்டில் பிறந்த குழந்தை நலமாக உள்ளதா என்பதைப் பச்சிளங்குழந்தை மருத்துவர் அறிவர். இம்மூவருக்கும் பொதுவானது ஒரே படிவம். யாங்கோனில் அதனை நிரப்புவோர் பதினொருவர். தமிழ்க் குடும்பங்களுக்கு நான் ஒருத்தி. அதுவரை நான் நிரப்பிய இருநூற்றுப் பன்னிரண்டு படிவங்களுள் ஒன்றேனும் திருத்தத்திற்காகத் திரும்பி வந்ததில்லை. மற்றைய பதின்மர் எவரும் இவ்வாறு கூற இயலாது.

இருநூற்றுப் பதின்மூன்றாம் படிவம் மஞ்சுளாவின் குழந்தைக்கு உரியது.

யாங்கோன் நகரின் மாடி வீடுகளிலிருந்து தெருவரை கயிறுகள் தொங்கும். கீழ்நுனியில் ஒரு கவ்வியும் மேல்நுனியில் ஒரு மணியும் கட்டப்பட்டிருக்கும். கயிற்றை இழுத்தால் மேலே மணி ஒலிக்கும். செய்தித்தாளும் காய்கறியும் கவ்வியில் ஏறும், சாவி இறங்கும். பிற்பகல் மூன்றரை மணிக்கு நான் இழுத்தேன். ஆறாம் மாடியிலிருந்து மஞ்சுளாவின் மாமியார் ஜெயம்மா தலையை நீட்டினார்.

“யாரது மழையிலே?”

“நான்தான்க்கா, காளியம்மா. இத்தாலிக்காரங்க ஃபாரம்.”

“வா வா! சாவியை எறக்குறேன். குடையை மடக்கு, கயிறு மாட்டிக்கப் போவுது!”

அக்கட்டடத்தின் படிகள் நூற்றுப் பன்னிரண்டு. கடந்த மார்ச் மாதம் தவிதே என்னும் இத்தாலியப் பொறியாளர் சிவப்பு ஒளி வீசும் கருவியால் அவற்றை அளந்து நூற்றுப் பத்து என்று கூறினார். நான் காலால் அளந்து நூற்றுப் பன்னிரண்டு என்றேன். மீண்டும் அளந்தார், என் எண்ணே சரியாயிற்று. அன்று முதல் அவர் எனக்கு இருமுறை வணக்கம் கூறுவார்.

மஞ்சுளா சன்னலோரப் பாயில் படுத்திருந்தாள். இருபத்து மூன்று வயது, முதற்பேறு. பேறுகாலமான பெண்ணுக்கு உடல் முழுவதும் மஞ்சள் அரைத்துப் பூசுவது இந்நாட்டு வழக்கம். அவளது கழுத்தும் கைகளும் பாயும் தலையணையும் மஞ்சளாக இருந்தன. வண்டிகள் ஓடாத நேரத்தில் வலி எடுத்தமையால், அதே கட்டடத்தில் குடியிருக்கும் மருத்துவச்சி வந்து வீட்டிலேயே பேறு பார்த்ததாக ஜெயம்மா கூறினார். அவர் முகத்தில் ஓர் ஒளி இருந்தது.

“எம் பேரனுக்கு எம்புட்டு அறிவு பாத்தியா, காளியம்மா? ஆனி முடியறதுக்குள்ளே வந்துட்டான். இன்னும் செத்த நேரம் சோம்பலாக் கெடந்திருந்தான்னா ஆடிப்பிள்ளையாப் போயிருப்பான். அப்புறம் ஊரு வாய்க்கு யாரு பதில் சொல்றது?”

“கெழமை என்னக்கா?”

“செவ்வா. ஆனிக் கடைசிச் செவ்வா. நல்லாப் பெருசா எழுது.”

நான் அழகிய கையெழுத்தில் செவ்வாய் என்று எழுதினேன். இன்று புதன், ஆகவே குழந்தையின் வயது இரண்டாம் நாள் என்று குறித்தேன். படிவத்தில் பிறந்த கிழமைக்கு இடம் உண்டு, மணிக்கு இடமில்லை. இந்நகரில் எவரைக் கேட்டாலும் பிறந்த கிழமையை உடனே கூறுவர் என்பதைக் கண்ட புவியியலாளர்கள், அவ்வாறு வகுத்திருந்தனர்.

அடுத்துக் குழந்தையைப் பார்த்தேன். பச்சிளங்குழந்தையின் குருதியில் ஒருவகை மஞ்சள் நிறமி மிகுவது காமாலை எனப்படும். பெரும்பாலான குழந்தைகளுக்கு அது இரண்டாம் மூன்றாம் நாளில் சிறிதளவு தோன்றித் தானே மறையும். முதல் இருபத்து நான்கு மணி நேரத்திற்குள் தோன்றுமாயின் அது நோயின் அறிகுறி, நிறமி விரைந்து பெருகி மூளையைத் தாக்கலாம், அதனால் செவியும் அறிவும் கெடலாம், உயிரும் போகலாம். இதனை அளக்க எங்களுக்கு ஒரு கண்ணாடிப் பட்டை வழங்கப்பட்டுள்ளது. அதில் இளமஞ்சள் முதல் கடுமஞ்சள் வரை ஐந்து கோடுகள் உள்ளன. பட்டையைக் குழந்தையின் மூக்கு நுனியில் அழுத்தினால் தோல் எக்கோட்டின் நிறத்தைக் காட்டுகிறதோ அக்கோட்டின் எண்ணே அளவாகும்.

எண் மூன்று என்று காட்டியது.

“அது மஞ்சள்டி,” என்றார் ஜெயம்மா. “ஆத்தாக்காரி ஒடம்பு பூரா அப்பி வச்சிருக்கேன். அவ மார்லே கெடக்கிற பிள்ளைக்கு ஒட்டாம வேறெதுக்கு ஒட்டும்?”

ஈரப் பஞ்சினால் மூக்கைத் துடைத்தேன். பஞ்சு மஞ்சளாயிற்று. மற்றொரு பஞ்சினால் துடைத்தேன். அது வெண்மையாகவே இருந்தது. மீண்டும் அழுத்தினேன். எண் மூன்று.

“பெரியம்மா,” என்றாள் மஞ்சுளா மெல்ல, “பாலுக்கு எழுப்பினா எந்திரிக்க மாட்டேங்குறான். ரெண்டு வாட்டி எழுப்பிட்டேன்.”

“பொறந்த களைப்பு இருக்காதா?” என்றார் ஜெயம்மா. “நீ பொறந்த அன்னைக்கே எந்திரிச்சுப் பாட்டா பாடினே?”

படிவத்தின் விதி தெளிவானது. முதல் நாளாயின், மஞ்சள் எவ்வளவு குறைவாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனை. இரண்டாம் நாளாயின், எண் மூன்று வரை மறுநாள் மீண்டும் பார்த்தால் போதும். நாள் இரண்டு, எண் மூன்று. ‘மறுநாள்’ என்னும் கட்டத்தில் குறியிட்டேன். பாலூட்டும் முறையைக் கூறிவிட்டு நூற்றுப் பன்னிரண்டு படிகளையும் இறங்கினேன்.

கீழே தெருவில் நீர் கணுக்காலுக்கு மேல் ஏறியிருந்தது. அக்கட்டடத்தின் தரைத்தளத்தில் ஃபக்ருன்னிசா என்பவர் நூலும் பொத்தானும் விற்கும் கடை வைத்துள்ளார். குடியிருப்பது முதல் மாடியில். அவரது கணவர் பர்கத்துல்லா கீழ்த்தட்டுப் பெட்டிகளை மேல்தட்டிற்கு ஏற்றிக்கொண்டிருந்தார். நான் கடைப் படியில் அமர்ந்து, படிவத்தைப் பிரதி எழுதத் தொடங்கினேன். முதலில் கரிக்கோலால் நிரப்பி, பின்னர் மையினால் பிரதி செய்வது என் முறை. பிரதி முடிந்த பின்னரே கைப்பேசியில் படமெடுத்து அனுப்புவேன். இம்முறையை எவரும் எனக்குக் கற்பிக்கவில்லை, நானே வகுத்துக்கொண்டேன். அன்று அம்முறையே துணை நின்றது.

ஃபக்ருன்னிசா தேநீர்க் குவளையை என்னருகே வைத்து, என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். அவருக்கும் தமிழ் எழுத்துகள் தெரியும்.

“ஆறாம் மாடிப் பிள்ளைதானேக்கா இது? செவ்வாய்னு எழுதுறீங்க?”

“ஜெயம்மாக்கா சொல்லிச்சு.”

“அட, இல்லேக்கா. புதன் ராவுலெ பொறந்த பிள்ளை அது.”

“புதன் ராத்திரி இனிமேல்தானே வரணும்?”

“அது ஒங்க கணக்கு. எங்களுக்கு மகரிபோடெ நாள் மாறிரும். நேத்துப் பொழுது சாஞ்சதுமே புதன் பொறந்திரிச்சு. நான் விடியுமுன்னெ சுபுஹு தொழுவ எந்திரிக்கலாமா, இன்னும் செத்தெ படுக்கலாமான்னு கெடக்குறேன், மேலே அழுகைச் சத்தம். இவ்வொகதான் பூனைன்னாக.”

“பூனை மாதிரிதான் இருந்திச்சு,” என்றார் பர்கத்துல்லா, பெட்டியிலிருந்து தலையை எடுக்காமலே.

என் பேனா நின்றது.

நாள் என்பது யாது? புவி தன்னைத்தானே ஒருமுறை சுற்றிவர எடுத்துக்கொள்ளும் காலம் என்று எட்டாம் வகுப்பு நூல் வரையறுக்கிறது. அச்சுற்று எங்குத் தொடங்குகிறது என்பதை அந்நூல் கூறவில்லை. ஃபக்ருன்னிசாவுக்கு அது மாலையில் தொடங்குகிறது. இத்தாலியர்க்கு நள்ளிரவில் தொடங்குகிறது. எங்கள் வீடுகளில் கதிரவன் எழும்போது தொடங்குகிறது. விடியலுக்கு முன் பிறந்த பிள்ளை முந்தைய நாளின் பிள்ளை. ஆகவேதான் இன்று விடியுமுன் பிறந்தவன் செவ்வாய்க்கும் ஆனிக்கும் உரியவனானான். ஜெயம்மா பொய் கூறவில்லை. நானும் பொய் எழுதவில்லை. எனினும் அக்குழந்தை பிறந்து அரை நாளே ஆகியிருந்தது, அதன் மூக்கில் எண் மூன்று நின்றது.

அது மட்டுமன்று. நானும் அதே கணக்கில் வளர்ந்தவள். இருநூற்றுப் பன்னிரண்டு படிவங்களிலும் அதே கணக்கைத்தான் எழுதியிருந்தேன்.

அதனைப் பின்னர் எண்ணலாம் என்று முடிவு செய்து, நீரில் இறங்கிக் கயிற்றைப் பற்றி இழுத்தேன். நான்கு முறை இழுத்தேன். அப்போது மணி நான்கு முப்பத்தைந்து.

“எவடி அவ, மணியைப் பிச்சுக்கிட்டுப் போறவ!” என்று ஜெயம்மாவின் தலை தோன்றியது. “நீயா? குடையை விட்டுட்டியா?”

“அக்கா! பிள்ளை பொறந்தது எத்தனை மணிக்கு?”

“ஏன், சாதகம் எழுதப் போறியா?”

“மணியைச் சொல்லுக்கா!”

“மூணு நாப்பது! செவுத்துலே எழுதி வச்சிருக்கேன். மூணு நாப்பது!”

நிமிடம் தவறாமல் எழுதி வைத்திருந்தார். சாதகத்திற்காக எங்கள் வீடுகள் அனைத்திலும் அவ்வாறு எழுதி வைப்பர். நானோ இருநூறு வீடுகளில் கிழமையை மட்டும் கேட்டுவிட்டு இறங்கி வந்தவள்.

“அப்ப இன்னைக்குத்தான் பொறந்திருக்கான்! பதிமூணு மணி நேரங்கூட ஆவலே!”

“வாயைக் கழுவு!” என்று ஜெயம்மா தெரு முழுவதும் கேட்கக் கூவினார். “சூரியன் வரலே! ஆனிப்பிள்ளை! ஆடின்னு ஒரு வார்த்தை சொன்னே, இந்தத் தொட்டித் தண்ணியை அப்படியே ஊத்திருவேன்!”

எதிர்க்கட்டடத்தின் நான்காம் மாடியிலிருந்து செல்லக்கண்ணு என்னும் முதியவர் குரல் கொடுத்தார். “ஆனியோ ஆடியோ இருக்கட்டும் தாயி. மொதல்லே பிள்ளைக்கு என்னன்னு கேளுங்க!”

“அண்ணே, நீங்க உள்ளே போங்க. மழைச் சாரல் அடிக்குது!” என்றார் ஜெயம்மா.

கத்திப் பயனில்லை என்றுணர்ந்தேன். முழங்காலில் வலி உள்ளவள் நான். நூற்றுப் பன்னிரண்டு படிகளையும் இரண்டாம் முறை ஏறினேன். மேலே சென்றதும் மூச்சு வாங்கியபடியே விதியை விளக்கினேன். முதல் நாள் மஞ்சள் என்றால் உடனே மருத்துவமனை. இரவைக் கடக்க விடலாகாது.

“பதினாறு நாள் முடியலே,” என்றார் ஜெயம்மா. குரல் தாழ்ந்திருந்தது. “தீட்டோட, பச்ச ஒடம்போட, இந்தத் தண்ணியிலே நான் எப்படி அனுப்புவேன்? தங்கவேலு வரட்டும். இன்சீன்லேர்ந்து ரயில் ஏறிட்டானாம்.” தங்கவேலு என்பவர் அவர் மகன், மஞ்சுளாவின் கணவர்.

“சுத்து ரயில் மழையிலே எப்ப வந்து சேரும்? அக்கா, கேளு. ஆனின்னே இருக்கட்டும். கோயில்லே கேட்டாலும் ஆனின்னுதான் நான் சொல்வேன். பஞ்சாங்கத்துக்கு அவன் நேத்துப் பொறந்தவன். ஒடம்புக்கு இன்னைக்குப் பொறந்தவன். ஒடம்பு பஞ்சாங்கம் பாக்காதுக்கா.”

ஜெயம்மா சுவரில் எழுதியிருந்த எண்ணைப் பார்த்தார். பின்னர் சன்னலுக்கு அருகே சென்று குழந்தையின் மூக்கைத் தம் விரலால் அழுத்திப் பார்த்தார். விரலை எடுத்த இடத்தில் மஞ்சள் நின்றது.

மஞ்சுளா எழுந்து நின்றிருந்தாள். ஒரு கையால் சுவரைப் பற்றியிருந்தாள்.

“நான் போறேன் அத்தே. திரும்பி வந்து தலைக்கு ஊத்திக்கிறேன்.”

“நீ எறங்குவியா நூறு படி?”

“நீங்க பிள்ளையைத் தூக்கிக்கங்க. நான் எறங்கிருவேன்.”

ஜெயம்மா குழந்தையை இரண்டு துணிகளில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டார். செருப்பு வழுக்கும் என்று அதனைக் கழற்றி எறிந்தார். வாசலில் மட்டும் ஒருமுறை நின்று என்னிடம், “எவனாச்சும் கேட்டா ஆனி,” என்றார்.

“ஆனிதான்க்கா.”

தவிதே எங்கள் கைப்பேசிகளில் ஒரு செயலியை நிறுவியிருந்தார். மருத்துவமனைக்குச் செல்லும்போது அதனை இயக்கினால் வழியும் நேரமும் பதிவாகும். வாசலிலேயே அதனை இயக்கினேன். மணி நான்கு ஐம்பது. அவசரத்தில் அதனை மறந்திருக்கலாமே என்று பின்னர் பலர் வியந்தனர். பணி என்பது அவசரத்திலும் பணியே.

மஞ்சுளா ஒவ்வொரு படியிலும் இரு கால்களையும் வைத்து இறங்கினாள். மூன்றாம் மாடியில் ஒருமுறை அமர்ந்தாள். அவ்விறக்கம் பதினோரு நிமிடம் பிடித்தது. கீழே நீர் முழங்காலைத் தொட்டது. வாடகைக் கார் எதுவும் தெருவுக்குள் வர ஒப்பவில்லை. ஆயினும் ஃபக்ருன்னிசா அதற்குள் ஒரு சைக்காவைப் பிடித்து நிறுத்தியிருந்தார். சைக்கா என்பது மிதிவண்டியின் பக்கத்தில் இருக்கை பொருத்திய ஊர்தி. மஞ்சுளாவையும் குழந்தையுடன் ஜெயம்மாவையும் அதில் ஏற்றினோம். ஓட்டுநர் மிதிக்க இயலாமல் இறங்கி இழுத்தார். பர்கத்துல்லாவும் நானும் பின்னிருந்து தள்ளினோம். ஃபக்ருன்னிசா கடைப் படியில் நின்று, “இடது பக்கம் போவாதீங்க, அங்கே சாக்கடை மூடி இல்லே!” என்று கூவிக்கொண்டே இருந்தார். தெருவின் மேல்முனையை அடைய மேலும் பதினேழு நிமிடம். அங்கு ஒரு கார் கிடைத்தது.

காரில் மஞ்சுளா குழந்தையின் பாதத்தை விரலால் சுண்டிக்கொண்டே வந்தாள், அவன் விழிக்கவில்லை. ஒரு சந்திப்பில் வண்டிகள் நகராமல் நின்றபோது ஜெயம்மா ஓட்டுநரிடம் பர்மிய மொழியில், “பறக்கத் தெரியாதா தம்பி உன் வண்டிக்கு?” என்று கேட்டார். அவர் கண்ணாடியில் குழந்தையைக் கண்டு, ஒலிப்பானில் கைவைத்தவர் எடுக்கவே இல்லை. மருத்துவமனை வாயிலில் செயலியை நிறுத்தினேன். மணி ஐந்து ஐம்பத்து நான்கு.

பச்சிளங்குழந்தைப் பிரிவில் சயாமா மார்த்தா இருந்தார். பெண் மருத்துவரை இந்நாட்டில் சயாமா என்று அழைப்போம். மார்த்தா இத்தாலியர், இரண்டாண்டுகளாக இங்கிருப்பவர், பர்மிய மொழி பேசுபவர். நான், “எண் மூன்று, வயது பதினான்கு மணி நேரம்” என்ற அளவில் கூறி முடிப்பதற்குள் குழந்தை அவர் கைகளில் இருந்தது. அரை மணி நேரத்தில் குருதி முடிவு வந்தது. தாயின் குருதி ஓ வகை. குழந்தையினது ஏ வகை. தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள்கள் குழந்தையின் சிவப்பணுக்களைச் சிதைத்துக்கொண்டிருந்தன. நிறமியின் அளவு பதின்மூன்று புள்ளி ஆறு.

“இன்னும் கொஞ்சம் ஏறினால் ரத்தத்தையே மாற்ற வேண்டியிருக்கும்,” என்றார் மார்த்தா. “இப்போதைக்கு விளக்கு போதும் என்று நினைக்கிறேன். நாளைக் காலையில் கொண்டுவந்திருந்தால் என்னால் இப்படிச் சொல்லியிருக்க முடியாது.”

குழந்தையின் கண்களுக்குத் துணிக் கட்டு இட்டு, நீல விளக்கின் கீழ் கிடத்தினர். நீல ஒளி தோலிலுள்ள நிறமியைச் சிதைத்து உடலிலிருந்து வெளியேறச் செய்யும் தன்மையது. ஜெயம்மா கண்ணாடிக்கு வெளியே நின்று நோக்கினார்.

“கண்ணைக் கட்டிட்டாங்களே. இருட்டுலே பயப்பட மாட்டானா?”

“பத்து மாசம் இருட்டுலே இருந்த பய தானே, அத்தே,” என்றாள் மஞ்சுளா. அன்று அவள் சிரித்தது அப்போதுதான்.

பின்னர் நான் மார்த்தாவைத் தாழ்வாரத்து விசிப்பலகைக்கு அழைத்துச் சென்றேன். என்னிடம் ஓர் உண்மை இருந்தது. அதனைக் கூறாமல் வீடு திரும்புதல் முறையாகாது. திருத்தமில்லாத இருநூற்றுப் பன்னிரண்டு படிவங்கள் என்பதே என் பெருமையாக இருந்தது. அதனை நானே உடைத்தேன். விடியலுக்கு முன் பிறந்த குழந்தைகள் அனைவரின் கிழமையும் என் படிவங்களில் ஒரு நாள் முந்தியுள்ளது என்றும், அதனால் அக்குழந்தைகளின் வயது ஒரு நாள் கூடுதலாகக் கணக்கிடப்பட்டுள்ளது என்றும் கூறினேன்.

மார்த்தா விசிப்பலகையில் என் பக்கம் திரும்பி அமர்ந்தார்.

“எத்தனை பேர் அப்படி, டோ காளியம்மா?” வயதில் மூத்த பெண்ணை இந்நாட்டில் டோ என்று மதித்து அழைப்பர்.

“தெரியாது சயாமா. மணியை நான் கேக்கவே இல்லை. ஃபாரத்துலே இல்லை.”

“வீட்டுக்காரர்களுக்குத் தெரியுமா மணி?”

“நிமிஷத்தோட தெரியும். செவுத்துலே, டைரியிலே, பஞ்சாங்கத்து ஓரத்துலே எழுதி வச்சிருப்பாங்க. ஜெயம்மாக்கா செவுத்தை நானே பாத்தேன்.”

அவர் படிவத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். “மூன்று துறை. எட்டு மாதம் கூடிப் பேசினோம். ஆறு பேராசிரியர்கள்,” என்றார். பிறகு தம் நெற்றியில் தாமே ஒரு தட்டுத் தட்டிக்கொண்டார். “ஒருவருக்கும் தோன்றவில்லை, ஒரு நாள் எப்போது தொடங்குகிறது என்று கேட்க.”

“எனக்கும் தோணலை சயாமா. நூல் கடைக்காரம்மா சொல்லித்தான் தோணிச்சு.”

“ஆனால் நீங்கள் படியேறிப் போனீர்கள்,” என்றார் அவர்.

இவ்வாக்கியத்தை நான் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. அவர் கூறியவாறே எழுதியுள்ளேன்.

அடுத்த இரு நாள்களும் எனக்கு ஓய்வில்லை. இருநூற்றுப் பன்னிரண்டு குடும்பங்களையும் கைப்பேசியிலும் நேரிலும் மீண்டும் வினவினேன். இருபத்தொன்பது குழந்தைகள் நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையே பிறந்தவர்கள். அனைவரும் நலம், சிலர் தவழத் தொடங்கியிருந்தனர். ஒவ்வொரு படிவத்திலும் சிவப்பு மையினால் திருத்தி, அருகே என் கையொப்பம் இட்டேன். மற்றைய பதின்மருக்கும் இச்செய்தி அனுப்பப்பட்டது. தவிதே இத்தாலியிலிருந்து மடல் விடுத்தார். அவரது நிலப்படத்தில் அவ்வீட்டிலிருந்து மருத்துவமனைக்கு உள்ள நேரம் பத்தொன்பது நிமிடம். என் செயலி பதிந்தது அறுபத்து நான்கு. இனிப் படிகளையும் ஆற்றின் ஏற்றத்தையும் சேர்த்தே கணக்கிடுவதாக எழுதியிருந்தார். மடலின் தொடக்கத்திலும் முடிவிலும் வணக்கம் கூறியிருந்தார். படிவத்தில் ஏழாம் வினாவின் கீழ் ஒரு புதிய வரி சேர்க்கப்பட்டது: ‘பிறந்த மணி என்ன? அப்போது விடிந்திருந்ததா?’ அவ்வரியின் தமிழ் வடிவத்தை எழுதியவள் நான். இத்தாலிய வடிவம் அதிலிருந்து மொழிபெயர்க்கப்பட்டது.

இதற்கிடையே குழந்தையின் அளவு பதினான்கைத் தொட்டு நின்றது, பின்னர் இறங்கியது. வியாழன் மாலை அவன் அழுதான். தங்கவேலு அவ்வழுகையைக் கைப்பேசியில் பதிவுசெய்து ஃபக்ருன்னிசாவுக்கு அனுப்பினார். ‘இப்ப பூனை இல்லே, புலி’ என்று பர்கத்துல்லாவிடமிருந்து மறுமொழி வந்தது. மின்சாரம் இருமுறை நின்றது. இருமுறையும் ஜெனரேட்டர் விளக்கைக் காத்தது.

ஜூலை இருபதாம் நாள், சனிக்கிழமை, காலை ஒன்பது மணிக்குக் குருதி முடிவு வந்தது. அளவு ஏழு புள்ளி இரண்டு. செவிச் சோதனையும் நன்று. மார்த்தா விளக்கின் பொத்தானை நோக்கிக் கை நீட்டினார். “சயாமா, சயாமா!” என்று ஜெயம்மா பதறினார்.

மார்த்தா கையை நிறுத்தி என்னை நோக்கினார். “இப்போது என்ன நேரம்? அவர்கள் கணக்கில்?”

“ராகு காலம். பத்தரைக்கு முடியும்.”

“செத்த நேரம் கூட வெளிச்சத்துலே கெடந்தா பிள்ளை கெட்டா போயிருவான்? நீயே கேளுடி,” என்றார் ஜெயம்மா.

கேட்டேன். கெடமாட்டான் என்றார் மார்த்தா. அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு எங்களுடன் அமர்ந்தார். மஞ்சுளா கண்ணாடியில் நெற்றியை வைத்து நின்றாள். தங்கவேலு நால்வருக்கும் தேநீர் வாங்கி வந்தார். என் கைக்கடிகாரத்தில் முள் பத்தரையைத் தொட்டது. ஜெயம்மா மேலும் ஒரு நிமிடம் போகட்டும் என்று சைகை செய்தார். பின்னர் மார்த்தா எழுந்து விளக்கை அணைத்துக் கண்கட்டை அவிழ்த்தார். குழந்தை கண்களைத் திறந்தான். கண்களின் வெண்மை வெண்மையாகவே இருந்தது.

கதிரவன் எழுந்து நெடுநேரம் ஆகியிருந்தது. எவர் கணக்கிலும் அது சனிக்கிழமையே. இருநூற்றுப் பதின்மூன்றாம் படிவத்தில் ‘மருத்துவம் முடிந்த நேரம்’ என்னும் இறுதிக் கட்டத்தில், கரிக்கோலைத் தொடாமல், நேரே மையினால் எழுதினேன்: முற்பகல் 10 மணி 31 நிமிடம்.